சூதாட்ட ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை: மக்காவ் போய் வந்த விவரம்

புதுச்சேரி ஒயிட் டவுனில் பதினாறு வருடமாகச் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குக் காந்தி சிலையருகே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, டுமாஸ் தெரு, ரோமன் ரோலண்ட் தெரு என்று வெயில் ஏறுவதற்குள் நடத்திக் காட்டி முடிப்பேன். அதனால் வேற்றூர் போனால் என் கண் முதலில் நடைபாதைக்கும் தெருப்பெயர்ப் பலகைக்கும்தான் போகும். பொங்கல் கழிந்த வாரம், சீனாவின் தென்கரையில் ஹாங்காங்குக்கு அருகே இருக்கிற மக்காவ் நகரில் ஒரு முழு நாள் சுற்றினேன். கூட வந்தவள் கலை. கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரி. பாரதிதாசன் மகளிர் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்தோம். கல்யாணம் ஆகி ஹாங்காங் போனவள், இப்போது அங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் துங் சுங்கில் குடியிருக்கிறாள். பத்து நாள் அவள் வீட்டில் தங்கியதில் ஒரு வெள்ளிக்கிழமையை மக்காவ் எடுத்துக்கொண்டது.

"அங்கே சூதாட்டத்தை விட்டா வேற என்ன இருக்கு?" என்று புறப்படும்போது வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. சூதாட்ட வசூலில் லாஸ் வேகஸை 2006இலேயே தாண்டிய ஊர் அது. ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததில் எனக்கு மனதில் நின்ற இடம் ஓர் அடகுக் கடை. ஹாங்காங்கில் சொந்தக்காரர் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் அந்தக் கடையைத் தவறவிடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விசா விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் மக்காவ் போக முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். ஹாங்காங் போகத்தான் இணையத்தில் முன்பதிவு ஒன்று செய்ய வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. 14 நாள் தங்கலாம், அதே பதிவை வைத்து மக்காவ் போய்விட்டு ஹாங்காங் திரும்பலாம். இங்கே ஒரு டிராவல்ஸில் விசாரித்தபோது 'மக்காவ் விசா' என்று தனியாக 4,500 ரூபாய் கேட்டார்கள். கலை போனில் சொல்லியிராவிட்டால் கட்டியிருப்பேன். நானும் சுற்றுலாத் தொழிலில் இருப்பவள்தான். தெரியாதவரிடம் இல்லாத ஒன்றுக்குக் காசு வாங்குவதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஹாங்காங்கிலிருந்து மக்காவ் போகப் படகும் உண்டு, கடல் பாலத்தில் பேருந்தும் உண்டு. நாங்கள் பாலம். முழு நீளம் 55 கிலோமீட்டர், 2018 அக்டோபரில் திறந்தது. பேருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. பகலில் டிக்கெட் 65 ஹாங்காங் டாலர், நம் காசுக்கு எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். காத்திருக்கவே இல்லை, ஒன்று நிரம்பினால் அடுத்தது வந்து நிற்கிறது. வழியில் ஓரிடத்தில் பாலம் கடலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மேலே கப்பல் போகவேண்டும் என்பதற்காக 6.7 கிலோமீட்டருக்குச் சுரங்கம். ஹாங்காங்கிலும் மக்காவிலும் நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள், நடுவில் சீன எல்லைக்குள் இருக்கிற பாலத்தில் மட்டும் வலப்பக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்து அது மாறுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். நாற்பது நிமிடத்தில் அந்தக் கரை.

குடிநுழைவில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. சின்னத் துண்டுச் சீட்டு ஒன்று தருகிறார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் பெரிய ரிசார்ட்டுகளின் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. ஏறிக்கொள்ளலாம், காசு கிடையாது, தங்குகிறாயா ஆடுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்குள் நகரப் பேருந்து எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 6 பட்டாக்கா. பட்டாக்கா அவர்கள் காசு. 100 ஹாங்காங் டாலருக்கு 103 பட்டாக்கா என்பது கணக்கு, ஆனால் கடைகளில் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு மீதியைப் பட்டாக்காவாகத் தருகிறார்கள். அது ஹாங்காங்கில் செல்லாது. திரும்பும் முன் செலவழித்துவிட வேண்டும்.

பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் காண்டனீஸ், போர்த்துக்கீசியம், மாண்டரின், ஆங்கிலம் என்று நான்கு மொழியில் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியம் பேசுகிறவர்கள் அங்கே இப்போது கொஞ்சம் பேர்தான். 1557 வாக்கில் வந்து குடியேறிய போர்த்துக்கீசியர், 1999 டிசம்பர் 20 அன்று சீனாவிடம் ஊரை ஒப்படைத்துவிட்டார்கள். இருந்தும் மொழியை எடுத்துவிடவில்லை. தெருமுனைக்குத் தெருமுனை வெள்ளை ஓட்டில் நீல எழுத்து, மேலே சீனம், கீழே போர்த்துக்கீசியம். நம் ஊர் நீலத் தகட்டில் பிரெஞ்சும் தமிழும் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! தெருவுக்கு நாம் 'ரூ' என்பதை அவர்கள் 'ருவா' என்கிறார்கள். கலை ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒயிட் டவுன் முழுக்க அப்படித்தான் படித்துக்கொண்டு நடப்பாள்.

செனாடோ சதுக்கத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் குனிந்து தரையைத் தொட்டது. கறுப்பும் வெள்ளையுமாகத் தீப்பெட்டி அளவுக் கற்கள். ஒவ்வொன்றையும் கையால் உடைத்து, பக்கத்துக் கல்லோடு பொருத்தி, கடல் அலை மாதிரி வளைத்து வளைத்துப் பதித்திருக்கிறார்கள். லிஸ்பன் நகரத்து வேலைப்பாடு இது, 1990களில் இங்கே போட்டார்கள். ஒரு மூலையில் பெயர்ந்திருந்த சின்ன இடத்தில் ஒருவர் முழங்காலிட்டு, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கற்கள் நிறம்வாரியாகக் குவித்திருந்தன. அவர் ஒரு கல்லை மூன்று தடவை எடுத்து, விளிம்பைத் தட்டிவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார். நாலாவது தடவைதான் உட்கார்ந்தது. சக்கர நாற்காலியில் பாட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் அந்த அலைகளின் மேல் தடங்கலில்லாமல் போனது. என் சுற்றுலாவில் வயதானவர்கள் வரும்போதெல்லாம், நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்கூட்டர்களுக்காக நடுத்தெருவில் இறக்கி நடத்த வேண்டியிருக்கிறது. பாட்டியைப் பார்த்தபோது அவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பெண்கள் குறித்துக்கொள்வார்கள். நடக்கிற தூரத்தில் பொதுக் கழிப்பறை கிடைக்கிறது, சுத்தமாக இருக்கிறது, காசு இல்லை. இந்த வேலையில் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான்.

சதுக்கத்தின் கோடியில் புனித தோமினிக் கோயில். 1587இல் தொடங்கியது. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல். "அடியே, இது நம்ம ஊருடி" என்றாள் கலை. கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு வந்தேன். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக மேடேறினால் புனித பவுல் கோயிலின் முகப்பு. அறுபதுக்கும் மேற்பட்ட படிகள், அதற்கு மேலே ஒற்றைக் கல்சுவர், பின்னால் ஆகாயம். சேசு சபையினர் கட்டிய கோயில், 1640 வாக்கில் முடிந்தது. 1835இல் தீப்பிடித்து முன்சுவர் மட்டும் தப்பியது. சிற்பங்களைச் செய்ததில் சீனர்களுக்கும், ஜப்பானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கும் பங்கு உண்டு. அதனால் மாதாவுக்குப் பக்கத்தில் சீன எழுத்து, ஜப்பானியச் செவ்வந்திப்பூ, ஏழுதலைப் பாம்பு, பாய்மரக் கப்பல் எல்லாம் ஒரே சுவரில் இருக்கின்றன. நம் சம்பா கோயிலையும் சேசு சபையினர்தான் கட்டினார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தபோது அதுவும் போயிற்று, இப்போது நிற்பது 1791இல் முடிந்தது. இடிந்ததைத் திரும்பக் கட்டிய கதையைத்தான் நான் தினமும் ஆட்களுக்குச் சொல்கிறேன். இவர்கள் எரிந்து மிஞ்சியதை அப்படியே தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் அக்கறை வேண்டும்.

பக்கத்துக் குன்றில் கோட்டை, மதில் மேல் பீரங்கிகள். 1622 ஜூனில் டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்தபோது இங்கிருந்து போன குண்டு அவர்களுடைய வெடிமருந்தில் விழுந்து, படை சிதறி ஓடியதாகச் சொல்கிறார்கள். இப்போது ஒரு பீரங்கிக்குப் பின்னால் நின்று பார்த்தால் நேர் எதிரே தாமரை வடிவத்தில் தங்க நிறக் கட்டிடம், கிராண்ட் லிஸ்போவா கேசினோ. எல்லாரும் அந்தக் காட்சியைத்தான் படம் எடுக்கிறார்கள். கலைக்கு வேறு நினைப்பு. "எங்க ஊருல குண்டு உப்பலவாடின்னு இருக்குல்ல, அதுக்கு ஏன் அந்தப் பேருன்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்று ஆரம்பித்தாள். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டு பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படி அளந்து எடுத்ததுதான் குண்டு கிராமங்கள். பிறகு புனித டேவிட் கோட்டை என்று பேரான அந்தக் கோட்டைப் பக்கம் பிறந்தவள் மக்காவ் பீரங்கியில் கைவைத்துக்கொண்டு இதைச் சொன்னதும், பக்கத்தில் நின்ற ஒரு பிலிப்பினோ குடும்பம் என்ன கதை என்று விசாரித்தது. ஆங்கிலத்தில் முழுக்கச் சொன்னாள். அன்றைக்கு அவள்தான் வழிகாட்டி.

கோயில் படிக்குக் கீழே உள்ள சந்தில் இரண்டு பக்கமும் பிஸ்கட் கடைகள். தட்டை நீட்டி ருசி பார்க்கச் சொல்கிறார்கள். 'பாதாம் பிஸ்கட்' என்று பெயர், ஆனால் மாவு பாசிப்பயறு. வாயில் போட்டால் பொடிந்து கரைகிறது, அப்படியே நம் பயத்தம் உருண்டை, ஏலக்காய் மட்டும் இல்லை. கடைக்காரர்கள் மர அச்சில் மாவை அழுத்தித் தட்டுவதைப் பார்க்கலாம். சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்கள், சேராதவர்கள் கேட்டு வாங்குங்கள். கேட்டு ஒரு டப்பா வாங்கினேன்.

மதியச் சாப்பாட்டில்தான் அடி. கடையின் பெயர் வேண்டாம். கலை வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள். அம்மா இறந்ததிலிருந்து பிடித்துவரும் விரதம், முட்டைகூடக் கிடையாது. இறைச்சி இல்லாத சூப் என்று இரண்டு தடவை சொல்லிக் கேட்டோம். கீரையும் உருளைக்கிழங்கும் கரைத்த போர்த்துக்கீசியச் சூப் வந்தது, பார்க்க நன்றாக இருந்தது. ஸ்பூனால் கிளறினால் கீரைக்கு அடியில் சிவப்பாகத் தொத்திறைச்சித் துண்டு. சொன்னதற்கு, "கொஞ்சம்தான்" என்றார் பரிமாறியவர். பிறகு எடுத்துப்போய் அந்தத் துண்டை மட்டும் நீக்கிவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்தார்கள். கலை ஒன்றும் பேசாமல் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ரொட்டியும் சாலடும் சாப்பிட்டாள். பில்லில் சூப்பும் இருந்தது, பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் இருந்தது. அதைப் பேசி எடுக்கவைத்தேன். இப்படிப்பட்ட ஊர்களில் 'சைவம்' என்ற ஒரு சொல் போதாது. இறைச்சி, மீன், தொத்திறைச்சி, இறைச்சி வேகவைத்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் சாப்பிட்டது 'மிஞ்சி' என்ற மக்காவ் சாப்பாடு, நன்றாகவே இருந்தது. பொடியாகக் கொத்திய கறி, அதே அளவில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, சோற்றின் மேல் ஒரு முட்டை. நம் கொத்துக்கறி மாதிரி, காரம் குறைவு.

இனி அந்த அடகுக் கடை.

பெரிய கடைவீதிக்குப் போர்த்துக்கீசியத்தில் அல்மெய்தா ரிபெய்ரோ பெயர், உள்ளூர்க்காரர்கள் சான் மா லோ என்கிறார்கள். அதில் தக் செங் ஒன் என்று ஒரு கட்டிடம். 1917இல் கட்டிய அடகுக் கடை. 2003இல் அதைப் பழுதுபார்த்து, உள்ளே இருந்த பொருளோடு காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். வாசலைத் தாண்டியதும் நேராகப் போக முடியாது, ஆளுயரத்துக்கு மேல் ஒரு மரத் தட்டி வழியை மறிக்கிறது. அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே நிற்கிறவர் யாரென்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாது, அதற்காக வைத்தது. கடை வைத்தவன் வாடிக்கையாளரின் வெட்கத்துக்கு ஒரு பலகை செய்திருக்கிறான்.

தட்டியைச் சுற்றினால் கல்லா. அது என் தலைக்கு மேலே இருக்கிறது. கம்பி போட்ட மர மேடை, மேலே கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். நகையைக் கொடுக்கக் கையை உயரத் தூக்க வேண்டும், முகத்தையும் தூக்க வேண்டும். நான் கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் நுனிதான் எட்டியது. அடகுச் சீட்டை எழுதுகிற எழுத்தும் தனி. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரிக் கிறுக்கல், வேறு யாரும் மாற்றி எழுதிவிட முடியாது. பின்னால் கோபுரம் போல உயரமான கிடங்கு. தடித்த சுவர், கையளவு ஜன்னல்கள், மாடி மாடியாக மர அடுக்குகள். தீயும் திருடனும் அண்டாதபடி கட்டியது. ஒரு காலத்தில் அந்த அடுக்குகள் முழுக்க ஊராரின் வளையலும் கடிகாரமும் குளிர்காலச் சட்டையுமாக இருந்திருக்கும்.

கலை அடுக்குகளைப் பார்க்க மேலே போய்விட்டாள். நான் அந்தத் தட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். என் சித்தப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். சம்பள ராத்திரி என்றால் யார் வீட்டுக் கொல்லையிலாவது மங்காத்தா. உள்ளே, வெளியே என்று இரண்டே சொல், அதில் மாதச் சம்பளம் போய்விடும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது சித்தியின் இரட்டை வடச் சங்கிலி, ஐந்து சவரன், அடகுக்குப் போனது. அன்றைக்குச் சித்தி என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள். முந்தானையைத் தலைவரை இழுத்துவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்து முன்னால் நிறுத்திக்கொண்டாள். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்தப் பிடியும், கல்லாவில் இருந்த தராசின் பித்தளைத் தட்டும்தான். சங்கிலியை மீட்கவே இல்லை, மூழ்கிப் போய்விட்டது.

மக்காவில் இன்றைக்கும் கேசினோக்களுக்குப் பக்கத்தில் அடகுக் கடைகள் இருக்கின்றன. நாணயத்தைக் கவ்விய வௌவால் வடிவத்தில் விளக்குப் பலகை, கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரங்களும் தங்கமும். சூதாட்டத்தால் பிழைக்கிற ஊர், தன் பெரிய கடைவீதியில் இப்படி ஒரு கடையை மறைக்காமல் திறந்து வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். நூற்றுக்கணக்கானோர் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாணவனும்தான்.

பிறகு 26ஏ பேருந்தில் கொலோவான். தெற்கே இருக்கிற பழைய மீனவக் கிராமம். லார்ட் ஸ்டோ என்ற ரொட்டிக் கடையில் முட்டை டார்ட். 1989இல் ஓர் ஆங்கிலேயர் தொடங்கிய கடை, மக்காவ் முழுக்க இப்போது பேர்பெற்ற அந்த டார்ட் இங்கிருந்துதான் பரவியது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார்கள். மேலே சர்க்கரை கருகி அங்கங்கே கறுப்புத் திட்டு, கடித்தால் ஓரம் அப்பளம் போல நொறுங்குகிறது, நடுவில் முட்டைப்பால் இன்னும் லேசாகத் தளும்புகிறது. இனிப்பு மிதம். கரையோரத் திட்டில் உட்கார்ந்து இரண்டு சாப்பிட்டேன். எதிரே வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர், அந்தப் பக்கம் சீனா. கலை நாலு டார்ட்டைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொண்டாள், சனிக்கிழமை காலையில் சாப்பிட. பக்கத்தில் 1928இல் கட்டிய புனித சவேரியார் சிற்றாலயம். வெளிர்மஞ்சளாக, வீடு மாதிரி இருக்கிறது. நம் கடலோர மீனவர்களிடம் வந்து ஞானஸ்நானம் கொடுத்த அதே சவேரியார். சீனாவுக்குள் போக ஆசைப்பட்டு, 1552இல் கரையை எட்டாமல் ஒரு தீவில் இறந்தவர். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கொத்தாய். இரண்டு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், அதன் மேல்தான் ரிசார்ட் எல்லாம். கூரைக்குள்ளே வாய்க்கால் வெட்டி வெனிஸ் படகு ஓட்டும் இடம் 2007இல் திறந்தது. சுற்றிப் பார்க்கக் காசில்லை, படகுக்குக் காசு. நாங்கள் படகு ஏறவில்லை. இருட்டிய பிறகு வின் பேலஸ் ஏரியில் பாட்டுக்கு ஏற்ப ஆடும் நீரூற்று, அதுவும் இலவசம். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேசினோவுக்குள் அரை மணி நேரம் இருந்தோம். 21 வயது முடிந்திருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், பெரிதாக இல்லை. அநேகமாக எல்லா மேசையிலும் பக்காரா என்ற ஆட்டம். 'பேங்கர்', 'பிளேயர்' என்று இரண்டு பக்கம், எந்தப் பக்கம் ஒன்பதுக்கு நெருங்கும் என்று பணம் கட்ட வேண்டும். சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. உள்ளே, வெளியே மாதிரியேதான். நான் பார்த்த மேசைகளில் 500 ஹாங்காங் டாலருக்குக் குறைந்து கட்ட முடியாது என்று எழுதியிருந்தது. ஐயாயிரத்தைந்நூறு ரூபாய், ஒரு நிமிடத்தில் முடிகிற ஆட்டத்துக்கு.

நீலச் சட்டை போட்ட ஒருவர், அறுபது வயது இருக்கும், சீட்டைக் கவிழ்த்தே வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் நீளவாக்கில் ஓரத்தை மெதுவாக மடக்கினார். புள்ளி எத்தனை வரிசை என்று அந்த மடிப்பில் தெரியும். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை ஊதினார். வேண்டாத புள்ளி பறந்துவிடும் என்று நம்பிக்கையாம். இன்னும் கொஞ்சம் மடக்கினார், மறுபடி ஊதினார். சுற்றி நின்றவர்களும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சீட்டை மேசையில் எறிந்தார், கசங்கியிருந்தது. பணம் போயிற்று. அவர் முகம் மாறவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பணம் கட்டக் கையை நீட்டிவிட்டார். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "போலாம் வாடி" என்றேன். கலை ஏனென்று கேட்கவில்லை, அவளுக்குச் சித்தப்பா கதை தெரியும்.

வெளியே வரும்போது அவள் சொன்னது: அந்த ஊர் அரசு ஊழியர்கள் கேசினோவுக்குள் ஆடப் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. கேசினோ வசூலில் 35 விழுக்காடு நேரடி வரியாக அரசுக்குப் போகிறது, 2008இலிருந்து நிரந்தரக் குடிமக்களுக்கு வருடா வருடம் ரொக்கமாகப் பணமும் தருகிறார்கள். பணம் வரும் வழியையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதன் ஆபத்தையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். காலையில் பார்த்த கல் பதிக்கிறவரின் கூலியும் அந்த வரியிலிருந்து வருவதுதான். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பதென்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

பாலத்துக்குத் திரும்ப ரிசார்ட்டின் இலவசப் பேருந்தே இருந்தது. போக, வர, சாப்பாடு, டார்ட், பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 450 ஹாங்காங் டாலருக்குள் முடிந்தது, ஐயாயிரம் ரூபாய் சுமார். பார்த்த கோயில், கோட்டை எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. வார நாளில் போங்கள். சனி, ஞாயிறும் சீனப் புத்தாண்டும் அக்டோபர் முதல் வாரமும் கூட்டம் தாங்காது. நவம்பர் நடுவில் தெருக்களிலேயே கார் பந்தயம் நடக்கும், அப்போது பாதைகளை அடைத்துவிடுவார்கள். நாங்கள் விட்டது ஆ-மா கோயில். கடலோடிகளின் அம்மன், ஊருக்குப் பெயரே அவளால்தான் வந்தது. வீராம்பட்டினம் ஆடித் தேருக்குத் தவறாமல் வருகிற கலைக்கு அதில் பெரிய வருத்தம். ஒன்பது மணிக்குப் பதில் எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் பார்த்திருக்கலாம்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "பயத்தம் உருண்டையைத் தட்டையா தட்டி வெச்சிருக்கான்" என்றாள். கேசினோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் அடகுக் கடையைப் பற்றிச் சொன்னேன். தலைக்கு மேலே இருக்கிற கல்லாவை, கம்பியை, வாசலை மறைக்கிற மரத் தட்டியை. தட்டி எதற்கு என்று சொன்னதும் சித்தி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

எழுந்து நின்று கையால் காட்டினேன்.

"நீ அப்போ என் இடுப்பு வரைக்கும்தான் இருந்தே" என்றாள். அப்புறம் டப்பாவை மூடி, பேரப்பிள்ளைகளுக்கு என்று அலமாரியில் எடுத்து வைத்தாள்.